உலாவியின் இரகசியமும் உடையவரின் சம்மதமும்

மேக் கணினியில் குரோம் உலாவியைப் பயன்படுத்துவோரில் பலர் என்றேனும் ஒருநாள் எதிர்கொள்ளும் சிறு சாளரம் ஒன்று உண்டு. ஏதோ ஒரு வேலையில் மனம் ஊன்றியிருக்கும் வேளையில், முன்னறிவிப்பு எதுவும் இன்றி, அது திரையின் நடுவே வந்து நிற்கிறது. உங்கள் சாவிக்கொத்தில் ‘குரோம் சேஃப் ஸ்டோரேஜ்’ என்னும் பெயரில் வைக்கப்பட்டிருக்கும் இரகசியத் தகவலைக் கூகுள் குரோம் பயன்படுத்த விரும்புகிறது என்றும், அதற்கு இசைவதாயின் ‘லாகின்’ சாவிக்கொத்தின் கடவுச்சொல்லை இடவேண்டும் என்றும் ஆங்கிலத்தில் இரண்டு வாக்கியங்கள் அதில் இருக்கும். அவற்றின் கீழே எப்போதும் அனுமதிக்க, மறுக்க, இம்முறை அனுமதிக்க என மூன்று பொத்தான்கள் இருக்கும். தாம் அறிந்து எந்தச் சாவிக்கொத்தையும் வைத்திராத ஒருவர், தாம் ஒருபோதும் கேள்விப்படாத பெயருடைய பொருளொன்றைப் பற்றி, தம் இரகசியங்கள் அனைத்திற்கும் பொறுப்பேற்று, உடனடியாகத் தீர்ப்புச் சொல்லவேண்டிய நிலைக்கு ஆளாகிறார்.

இப்படிப்பட்ட ஒரு வேண்டுகோளுக்கு அறிவுடன் விடை சொல்வதற்குக் கேட்கப்படும் பொருள் யாது, கேட்பவர் யார், இந்தக் கணத்தில் கேட்பதற்குக் காரணம் என்ன என்னும் மூன்றும் தெரிந்திருத்தல் வேண்டும். சாளரமோ முதலாவதைப் புரியாத பெயரில் சொல்கிறது. இரண்டாவதைப் பாதி சொல்கிறது. மூன்றாவதைப் பற்றி ஒரு சொல்லும் சொல்வதில்லை. அந்த மூன்றாவதே, அதாவது வேண்டுகோள் எழுந்த சந்தர்ப்பமே, மற்ற இரண்டையும்விடச் சாமானிய மனிதருக்கு உதவக்கூடியது என்பதும், அதை மறைத்துவிட்டுப் பயனரின் அறியாமையைக் குறைகூறுவது நியாயமாகாது என்பதும் என் துணிபு. இதை நிலைநாட்டக் கடவுச்சொல் சேமிப்பின் வரலாற்றிலும் அமைப்பிலும் சிறிது தூரம் சென்று வரவேண்டும்.

கணினியில் கடவுச்சொல் என்னும் வழக்கம், 1961 ஆம் ஆண்டில் அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகத்தில் பெர்னாண்டோ கோர்பட்டோவின் தலைமையில் உருவான சிடிஎஸ்எஸ் என்னும் நேரப்பகிர்வு அமைப்போடு சேர்த்துச் சொல்லப்படுவது வழக்கம். பலர் ஒரே யந்திரத்தைப் பகிர்ந்துகொண்ட அக்காலத்தில், ஒவ்வொருவர் கோப்பும் அவரவர்க்கே உரியதாக இருக்கும்பொருட்டு இவ்வேற்பாடு செய்யப்பட்டது. ஆயின் எல்லோருடைய கடவுச்சொற்களும் உள்ளது உள்ளபடியே ஒரு கோப்பில் எழுதப்பட்டிருந்தன. 1966 இல், நிர்வாகிகள் இருவர் ஒரே நேரத்தில் இருவேறு கோப்புகளைத் திருத்திக்கொண்டிருந்தபோது, திருத்தும் கருவியின் தற்காலிகக் கோப்புகள் இடம் மாறிப்போக, அன்றைய வரவேற்புச் செய்திக்குப் பதிலாகக் கடவுச்சொற் பட்டியல் முழுவதும், உள்ளே நுழைந்த ஒவ்வொருவர் முன்னும் அச்சாகி வந்தது. கோர்பட்டோவே பிற்காலத்தில் தம் டூரிங் விருது உரையில் இந்நிகழ்ச்சியை நினைவுகூர்ந்திருக்கிறார்.

இதிலிருந்து கற்ற பாடம் விரைவிலேயே ஒரு கோட்பாடாக உருப்பெற்றது. கடவுச்சொல்லைச் சோதிக்க வேண்டிய யந்திரம் அதைத் தெரிந்துவைத்திருக்கத் தேவையில்லை. திரும்ப வழியற்ற ஒரு கணித மாற்றத்துக்கு அதை உட்படுத்தி, விளைவை மட்டும் வைத்துக்கொண்டு, மறுமுறை இடப்படும் சொல்லையும் அவ்வாறே மாற்றி, இரண்டும் ஒத்திருக்கின்றனவா என்று பார்த்தால் போதும். யூனிக்ஸ் அமைப்பில் இம்முறை கையாளப்பட்ட விதத்தையும், அதை உடைக்க முயல்வோர் செல்லும் வழிகளையும் ராபர்ட் மோரிஸும் கென் தாம்ப்சனும் 1979 இல் வெளியிட்ட கட்டுரை இன்றும் இத்துறையின் மூலநூல்களுள் ஒன்றாக மதிக்கப்படுகிறது.

இவ்வளவு சிறந்த உபாயம் இருக்க, உலாவி ஏன் அதைப் பின்பற்றவில்லை என்னும் கேள்வி இங்கே இயல்பாக எழும். உலாவியின் ஸ்தானம் சோதிப்பவரின் ஸ்தானத்துக்கு நேர் எதிரானது என்பதே இதற்கு விடை. வங்கியின் தளம் நம் கடவுச்சொல்லைச் சரிபார்க்கிறது; உலாவியோ நம் சார்பில் அதைச் சொல்லவேண்டியிருக்கிறது. சொல்லவேண்டியவர் அதை மறந்துவிட்டு அதன் நிழலை மட்டும் வைத்திருக்க இயலாது. ஆகவே, சேமித்த கடவுச்சொல் ஒவ்வொன்றையும் அட்சரம் பிசகாமல் மீண்டும் வெளிக்கொணரும் ஆற்றல் உலாவிக்கு இருந்தே தீரவேண்டும். அந்த ஆற்றல் உலாவியிடம் இருக்குமாயின், உலாவியைப் போல் நடிக்க வல்ல பிறிதொரு நிரலிடமும் அது சென்று சேரக்கூடும். நம் சாளரம் தோன்றுவதற்கு ஆதிகாரணம் இந்த ஒரு முரண்தான். இதை எந்தச் சாமர்த்தியத்தாலும் முற்றிலும் நீக்கிவிட முடியாது.

குரோம் இம்முரணைக் கையாளும் விதத்தைப் பார்ப்போம். சேமித்த கடவுச்சொற்களை அது தன் சொந்தக் கோப்பொன்றில் மறையீடு செய்து வைக்கிறது. எந்தத் தளம், எந்தப் பயனர்பெயர் என்னும் விவரங்கள் அக்கோப்பில் திறந்தபடியே இருக்கும், கடவுச்சொல் மட்டுமே மறைக்கப்பட்டிருக்கும் என்பதைப் பலர் அறியார். அம்மறைவை நீக்கும் திறவுகோல் எல்லாவற்றுக்கும் சேர்த்து ஒன்றேயாகும். வீட்டிலுள்ள அறைச் சாவிகளையெல்லாம் ஒரு பெட்டியில் இட்டுப் பூட்டி, பெட்டியைத் தன்னிடமே வைத்துக்கொண்டு, பெட்டிச் சாவியை மட்டும் வீட்டுக்காரரின் பாதுகாப்பில் ஒப்படைத்த காரியஸ்தரைப் போல, குரோம் அந்த ஒற்றைத் திறவுகோலை இயங்குதளத்தின் பொறுப்பில் விட்டிருக்கிறது. மேக் கணினியில் அவ்வாறு ஒப்படைக்கும் இடந்தான் கீசெயின் எனப்படும் சாவிக்கொத்து; அங்கே அதற்கு இடப்பட்ட பெயர்தான் ‘குரோம் சேஃப் ஸ்டோரேஜ்’.

இந்த அமைப்பிலிருந்து இரண்டு உண்மைகள் பெறப்படுகின்றன. சாளரம் ஏதோ ஒரு தகவலைக் கேட்பதாக ஒருமையில் பேசினாலும், அனுமதித்தால் கைமாறுவது எல்லாக் கடவுச்சொற்களையும் திறக்கும் ஆற்றலாகும். அவற்றோடு, நாம் ஏற்கெனவே உள்நுழைந்திருக்கும் தளங்களில் நம்மை நாமென்று காட்டும் குக்கிகளும் அதே திறவுகோலால்தான் மறைக்கப்பட்டிருக்கின்றன. குக்கி கைக்கு வந்தவருக்குப் பல இடங்களில் கடவுச்சொல்லே தேவைப்படாது. இது முதலாவது. இரண்டாவது, கேள்வி கேட்பது குரோம் அன்று. குரோமின் சார்பில் இயங்குதளமே கேட்கிறது. மெய்யான சாளரத்தில் நாம் இடும் கடவுச்சொல் குரோமிடமோ கூகுளிடமோ செல்வதில்லை. இயங்குதளம் அதைக்கொண்டு சாவிக்கொத்தைத் திறந்து, உள்ளிருக்கும் திறவுகோலை மட்டும் எடுத்துக் கொடுக்கிறது.

ஆப்பிளின் சாவிக்கொத்து 1990களின் தொடக்கத்தில் பவர்டாக் என்னும் அஞ்சல் ஏற்பாட்டின் ஓர் உறுப்பாகப் பிறந்து, அவ்வேற்பாடு கைவிடப்பட்டபோது தானும் மறைந்து, 1999 இல் மறுபிறவி எடுத்தது. பொருள்களைப் பூட்டி வைப்பதோடு நின்றுவிடாமல், ஒவ்வொரு பொருளையும் இன்னின்ன நிரல்களே தொடலாம் என்னும் பட்டியலையும் அது வைத்திருப்பதே அதன் பிரதானச் சிறப்பு. பட்டியலில் உள்ள நிரல் கேட்டால் சாளரம் தோன்றாது. பட்டியலில் இல்லாதது கேட்டால் உடையவரின் சம்மதம் கோரப்படும். நிரலை அடையாளம் காண்பது அதன் பெயரைக் கொண்டல்ல, அதை வெளியிட்டவரின் டிஜிட்டல் கையொப்பத்தைக் கொண்டு. ஏனெனில், பெயரை எவரும் சூட்டிக்கொள்ளலாம்.

இனிச் சந்தர்ப்பங்களுக்கு வருவோம். தீர்ப்பு அங்கேதான் இருக்கிறது. குரோம் புதிதாக நிறுவப்பட்டோ பழைய கணினியிலிருந்து புதியதற்கு எல்லாம் மாற்றப்பட்டோ முதன்முறை திறக்கப்படுகையில் இச்சாளரம் தோன்றினால் அது இயல்பே. புதுப்பிப்புக்குப் பின், நிரலின் கையொப்பம் பழைய பட்டியலோடு பொருந்தாமற்போனாலும் தோன்றும். கணினியின் நுழைவுக் கடவுச்சொல் மறந்துபோய், வேறொரு நிர்வாகியின் உதவியால் மாற்றப்பட்டிருக்குமாயின், சாவிக்கொத்து மட்டும் பழைய சொல்லோடேயே பூட்டிக்கிடக்கும். அப்போது சாளரம் மீண்டும் மீண்டும் வரும். புதிய சொல்லை எத்தனை முறை இட்டாலும் ஏற்காது. அது கேட்பது பழைய சொல்லை என்று மட்டும் சொல்லாது. அலுவலகங்களிலும் வீடுகளிலும் மனிதர்களை மிகுதியும் அலைக்கழிப்பது இந்த வகைதான் என்று எண்ணுகிறேன். இதில் ஆபத்து ஒன்றுமில்லை; ஆனால் எரிச்சல் மிக உண்டு. எரிச்சலுற்றவர் அடுத்த முறை எதையும் வாசியாமல் அனுமதித்துவிடுகிறார்.

வேறொரு வகை நுட்பமானது. கேட்கும் நிரலின் பெயரும், கேட்கப்படும் பொருளின் பெயரும் வேறுவேறாக இருக்கும் சந்தர்ப்பம் அது. ஃபயர்ஃபாக்ஸ் உலாவிக்கு மாறுகிற ஒருவர், குரோமில் உள்ள கடவுச்சொற்களை இறக்குமதி செய்யும்படி அதற்குக் கட்டளையிட்டால், குரோமின் திறவுகோலை ஃபயர்ஃபாக்ஸ் கேட்பதாகச் சாளரம் தோன்றும். கட்டளை நம்முடையதாக இருந்தால் அது முற்றிலும் முறையானதே. அதே சாளரம், அதே சொற்களோடு, நாம் யாதொன்றும் கட்டளையிடாதபோது, நேற்று இறக்கிய ஒரு விளையாட்டின் பெயரையோ, பெயரறியாத ஒரு கருவியின் பெயரையோ தாங்கி வருமாயின், மறுப்பதைத் தவிர வேறு விடை கிடையாது. இவ்விரு சாளரங்களுக்கும் எழுத்தளவில் உள்ள வேற்றுமை ஒரு பெயர். பொருளளவில் உள்ள வேற்றுமையோ சொத்துக்கும் திருட்டுக்கும் உள்ளது. எட்ஜ், பிரேவ் முதலிய உலாவிகளும், உலாவியின் அடிப்படையில் கட்டப்பட்ட ஸ்லாக் போன்ற செயலிகளும் தத்தம் பெயரோடு ‘சேஃப் ஸ்டோரேஜ்’ என்னும் சொற்களைச் சேர்த்துச் சாவிக்கொத்தில் தனித்தனி இடம் பெற்றிருப்பதால், இரு பெயர்களும் ஒத்திருக்கின்றனவா என்று பார்ப்பது யாவரும் செய்யக்கூடிய முதற்சோதனையாகும்.

மறுத்தால் சேமித்தவையெல்லாம் அழிந்துவிடுமோ என்னும் அச்சத்தினாலேயே பலர் அனுமதித்துவிடுகின்றனர். அவ்வச்சம் ஆதாரமற்றது. மறுப்பதனால் எதுவும் அழிவதில்லை. அந்த வேளைக்குக் கடவுச்சொற்கள் தாமாக நிரம்பமாட்டா, சில தளங்களில் மீண்டும் உள்நுழைய நேரலாம், அவ்வளவே. மெய்யான தேவை உடைய நிரல் மறுமுறை திறக்கும்போது மீண்டும் கேட்கும். மறுப்பைப் பின்னர் மாற்றிக்கொள்ளலாம். கொடுத்துவிட்ட திறவுகோலைத் திரும்பப் பெற இயலாது. இந்த ஏற்றத்தாழ்வைச் சாளரத்தில் ஒரு வரியாக எழுதியிருந்தால் எத்தனையோ பேர் பயமின்றி மறுத்திருப்பார்கள்.

பிற இயங்குதளங்களின் நிலையையும் சுருங்கப் பார்க்கலாம். லினக்ஸில் க்னோம் சூழலின் சாவிவளையமும், கேடிஇ சூழலின் பணப்பையும் இதே தொழிலைச் செய்கின்றன. கடவுச்சொல் இன்றித் தானாக உள்நுழையும்படி அமைத்த கணினியில், சாவிவளையம் திறக்கப்படாமலே இருந்துவிடுவதால், உலாவியைத் திறந்தவுடன் அதைத் திறக்கும்படி வேண்டுகோள் வரும். பெரும்பாலும் காரணம் அதுவே. இவ்விரண்டும் இல்லாத இடத்தில், குரோமின் மூலமான குரோமியம் தன் மூலநிரலில் யாவரும் காணும்படி எழுதப்பட்டுள்ள ஒரு மாறாச் சொல்லையே திறவுகோலுக்கு ஆதாரமாகக் கொள்கிறது. அங்கே மறையீடு பெயரளவினதுதான். ஃபயர்ஃபாக்ஸ் இயங்குதளத்தை நம்பாமல் தன் இரகசியங்களைத் தானே காக்கிறது. பயனர் விரும்பினால் முதன்மைக் கடவுச்சொல் ஒன்றை அமைக்கலாம். அமைத்தவரிடம் அது கேட்கும், அமைக்காதவரிடம், தளங்களில் நிரப்பும்போது, ஒன்றும் கேட்காது.

விண்டோஸின் கதை சற்று நீண்டது. 2000 ஆம் ஆண்டின் பதிப்பிலிருந்து அதில் டிபிஏபிஐ என்னும் பாதுகாப்பு ஏற்பாடு உண்டு. ஒரு பயனரின் பெயரில் மறையீடு செய்ததை அதே பயனரின் பெயரில் ஓடும் எந்த நிரலும், யாரையும் கேளாமல், திறந்துகொள்ளலாம் என்பது அதன் விதி. கணினியைத் திருடிச் சென்று வட்டைப் பிரித்துப் பார்ப்பவரை அது தடுக்கும். உடையவரின் கணக்கிலேயே நுழைந்துவிட்ட தீய நிரலைத் தடுக்காது. பல ஆண்டுகளாக விண்டோஸில் கடவுச்சொல் திருடும் நிரல்கள் தழைத்ததற்கு இது பெருங்காரணம். மேக் பயனரை அடிக்கடி தொல்லைப்படுத்தும் சாளரம் விண்டோஸ் பயனருக்குத் தோன்றவில்லை என்றால், அது அவர் அதிகப் பத்திரமாக இருந்ததனால் அல்ல, அவரைக் கேட்பதற்கு யாரும் இல்லாததனால். 2024 ஜூலையில் வந்த குரோம் 127 ஆம் பதிப்பில், திறவுகோலைக் கேட்பது குரோம்தானா என்று உயர் அதிகாரமுடைய ஒரு சேவை சரிபார்த்துக் கொடுக்கும் முறையைக் கூகுள் கொண்டுவந்தது. முதலில் குக்கிகளுக்கு அக்காப்பு அளிக்கப்பட்டது. சில மாதங்களுக்குள்ளேயே திருட்டு நிரல்களைச் செய்வோர் அதைச் சுற்றிச் செல்லும் வழிகளைக் கண்டனர். எனினும் அம்முயற்சி வீணென்று நான் கருதவில்லை. ஓசையின்றி நடந்த களவை ஓசையுடன் செய்யும்படி கள்வரை நிர்ப்பந்திப்பதும் ஒரு பாதுகாப்பே.

விண்டோஸிலும் ஒரு வேண்டுகோள் உண்டு. அதை இதனோடு குழப்பிக்கொள்ளலாகாது. குரோமின் அமைப்புகளுக்குள் சென்று சேமித்த கடவுச்சொல்லைக் கண்ணால் காண முயலும்போது, குரோம் கடவுச்சொற்களைக் காட்ட முயல்கிறது, அனுமதிக்க உங்கள் விண்டோஸ் கடவுச்சொல்லை இடுக என்னும் பொருளில் அது தோன்றும். 2013 ஆகஸ்டு வரை அதுவும் இருந்ததில்லை. திறந்துகிடக்கும் கணினியின் முன் வந்து அமரும் எவரும் எல்லாக் கடவுச்சொற்களையும் படித்துவிடலாம் என்று அவ்வாண்டு எழுந்த கண்டனத்துக்கு, கணக்கிற்குள் நுழைந்துவிட்டவரை எதனாலும் தடுக்க முடியாது, பொய்யான ஆறுதல் தருவது தவறு என்று குரோமின் பாதுகாப்புப் பிரிவினர் பதிலளித்தனர். தர்க்கத்தில் அவர்கள் கூற்று சரியே. ஆயின் மனித வாழ்க்கையில் களவு செய்வோர் எல்லோரும் நிபுணர்கள் அல்லர். ஐந்து நிமிடம் தனித்து விடப்பட்ட மேசையின் முன் ஆசைப்பட்டுவிடும் உறவினரும் சக ஊழியரும் உண்டு. அவர்களைத் தடுக்க ஒரு கதவு போதும். பின்னர் வந்த பதிப்புகளில் அக்கதவு வைக்கப்பட்டது.

இதுவரை மெய்யான சாளரத்தைப் பற்றியே பேசினோம். போலிச் சாளரமே இன்று மிகக் கொடியது. 2023 இல் டெலிகிராம் வழியே மாதம் ஆயிரம் டாலர் வாடகைக்கு விற்கப்பட்டதாகக் கண்டறியப்பட்ட ‘அட்டாமிக்’ என்னும் மேக் திருட்டு நிரல், சாவிக்கொத்தின் காவலை உடைக்க முயல்வதில்லை. மேக்கிலேயே உள்ள ஸ்கிரிப்ட் வசதியைக் கொண்டு, இயங்குதளத்தின் சாளரத்தைப் போன்ற ஒன்றைத் தானே வரைந்து, நுழைவுக் கடவுச்சொல்லைக் கேட்கிறது. இடப்பட்ட சொல் சரியானதுதானா என்று சோதித்தும் பார்த்துக்கொள்கிறது. அச்சொல்லோடு சாவிக்கொத்துக் கோப்பையும் நகலெடுத்துச் சென்றுவிட்டால், பின்னர் தன் இடத்தில் நிதானமாகத் திறந்துகொள்ளலாம். மெய்யான சாளரம் தன்னில் இடப்படும் சொல்லை யாருக்கும் கொடுப்பதில்லை என்று மேலே சொன்னேன்; போலியோ அந்தச் சொல்லுக்காகவே பிறந்தது.

மெய்யையும் போலியையும் பிரித்தறியும் பிரச்சினைக்கு மிகப் பழைய தீர்வு ஒன்று உண்டு. 1993 இல் வெளியான விண்டோஸ் என்டி, உள்நுழையுமுன் கண்ட்ரோல், ஆல்ட், டெலீட் ஆகிய மூன்று விசைகளையும் ஒருசேர அழுத்தச் சொன்னது. எந்தச் சாதாரண நிரலும் இடைமறிக்க முடியாத அவ்விசைக்கூட்டு, அடுத்துத் தோன்றுவது இயங்குதளத்தின் மெய்யான திரையே என்பதற்கு உறுதியாயிற்று. மேக்கின் சாவிக்கொத்துச் சாளரத்துக்கு இத்தகைய உறுதி எதுவும் இல்லை. அது வரையத்தக்க ஒரு படம். வரைய வல்லவர் எவரும் வரையலாம். காவலிலேயே பிழை நேர்ந்ததும் உண்டு. 2017 செப்டம்பரில் மேக்கின் ஹை சியரா பதிப்பு வெளியான நாளிலேயே, சாளரம் எதுவும் தோன்றாமல் சாவிக்கொத்தின் உள்ளடக்கத்தை ஒரு நிரல் எடுத்துவிட முடியும் என்று பாதுகாப்பு ஆய்வாளர் பாட்ரிக் வார்டில் காட்டினார்; 2019 பிப்ரவரியில் லினுஸ் ஹென்ஸே என்னும் ஜெர்மானிய இளைஞர் இன்னொரு வழியைக் காட்டினார். அவை திருத்தப்பட்டன. வரையப்படும் போலிக்கு அவ்விதத் திருத்தம் கிடையாது.

இவ்வளவு பொறுப்பையும் பயனரின் ஒரு விரலசைவில் ஏற்றிவைப்பது முறைதானா என்று ஆராய்ந்தோர் உண்டு. ஆண்ட்ராய்டு செயலிகளை நிறுவும்போது அன்று காட்டப்பட்ட அனுமதிப் பட்டியலைப் பற்றி, கலிபோர்னியாவின் பெர்க்லி பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த அட்ரியன் போர்ட்டர் ஃபெல்ட்டும் சகாக்களும் 2012 இல் வெளியிட்ட ஆய்வில், பங்கேற்றவர்களில் 17 விழுக்காட்டினரே நிறுவும் வேளையில் அதைக் கவனித்தனர். 2015 இல் பிரிகாம் யங் பல்கலைக்கழகத்தினர் மூளையைப் படமெடுத்து நடத்திய ஆய்வு இன்னும் ஆழமானது. ஒரே தோற்றமுடைய எச்சரிக்கையை இரண்டாம் முறை காணும்போதே மூளையின் பார்வைப் பகுதிகளில் எழும் கிளர்ச்சி வெகுவாகக் குறைந்துவிடுவதையும், தோற்றத்தை மாற்றிமாற்றிக் காட்டினால் அக்குறைவு தாமதப்படுவதையும் அது கண்டது. வாசியாமல் அனுமதிப்பவரைச் சோம்பேறி என்று வைபவர்கள் இதைச் சிந்திக்கவேண்டும். பழகியதைக் கண் கடந்துபோவது உடலின் இயற்கை. தமிழ்நாட்டிலும் இலங்கையிலும் இச்சாளரத்தைத் தாய்மொழியில் அன்றி ஆங்கிலத்தில் காண்பவர்களுக்கு அந்தச் சுமை இரட்டிப்பாகிறது. அவர்களுக்கு அது சொற்களாகக்கூட அன்றி, அழுத்தினால் விலகும் ஒரு தடையாகவே பழகிப்போகிறது.

சாளரத்தை ஆக்குவோர் செய்யக்கூடியது அதிகமில்லை, ஆனால் அத்தியாவசியமானது. இந்த நிரல் புதுப்பிக்கப்பட்டதால் கேட்கிறது, உங்கள் நுழைவுச்சொல் மாறியதால் கேட்கிறது, இறக்குமதி தொடங்கியதால் கேட்கிறது என்று காரணத்தைச் சொல்லலாம். பல சந்தர்ப்பங்களில் இயங்குதளத்துக்கு அது தெரிந்தே இருக்கிறது. அனுமதித்தால் திறக்கப்படுவது எல்லாக் கடவுச்சொற்களும் என்று ஒரு வரி சேர்க்கலாம். கேட்பவரும் பொருளின் உரிமையாளரும் வெவ்வேறானவராயின் அதை வேறு நிறத்தில் காட்டலாம்.

இன்னும் அடிப்படையான மாற்றம் ஒன்றும் தொடங்கியிருக்கிறது. உலகளாவிய வலைத் தரக்குழு 2019 மார்ச்சில் பரிந்துரைத்த வெப்ஆத்தன் முறையின் வழியே, 2022 முதல் பாஸ்கீ என்னும் பெயரில் பரவிவரும் திறவுகோலில், உலாவி தளத்திடம் எந்த இரகசியத்தையும் சொல்லவேண்டியதில்லை; தன்னிடம் இரகசியம் உண்டு என்பதைக் கையொப்பத்தால் நிரூபித்தால் போதும். சொல்லவேண்டியவர் மறந்திருக்க முடியாது என்று முன்னே கண்ட முரண் அங்கே பெருமளவு தணிகிறது. ஆயினும் பழைய கடவுச்சொற்கள் இன்னும் பல்லாண்டுகள் நம்மோடு இருக்கும். குக்கிகள் அதற்குப் பின்னும் இருக்கும்.

அதுவரை, சாளரம் தோன்றியவுடன் அதைப் படிப்பதற்கும் முன்னால், சற்று முன் நான் என்ன செய்தேன் என்று நினைத்துப் பார்ப்பதே நான் அறிந்தவற்றுள் சிறந்த வழி. உலாவியைத் திறந்தேன், புதுப்பித்தேன், இறக்குமதி செய்யச் சொன்னேன் என்று விடை வந்தால் அனுமதிக்கலாம். ஒன்றும் செய்யவில்லை என்று வந்தால் மறுக்கவேண்டும். எப்போதோ அவசரத்தில் ‘எப்போதும் அனுமதிக்க’ என்னும் பொத்தானை அழுத்திவிட்டோமோ என்று ஐயுறுவோர், மேக்கில் கீசெயின் ஆக்சஸ் என்னும் செயலியைத் திறந்து, ‘சேஃப் ஸ்டோரேஜ்’ என்று தேடி, கிடைக்கும் உருப்படியை இருமுறை சொடுக்கி, அணுகல் கட்டுப்பாட்டுப் பகுதியைப் பார்த்தால், அத்திறவுகோலைக் கேளாமலே எடுக்க எந்தெந்த நிரல்களுக்கு உரிமை தந்திருக்கிறோம் என்பது பெயர் பெயராகத் தெரியும். உலாவியைத் தவிர வேறு பெயர் இருக்குமாயின் அங்கேயே அதை நீக்கிவிடலாம். அந்தப் பெயர் தாம் அறியாத ஒன்றாக இருந்தால், நீக்கியதோடு நிற்காமல், தூயதென்று நம்பத்தக்க வேறொரு கணினியிலிருந்து மின்னஞ்சலின் கடவுச்சொல்லையும் வங்கியின் கடவுச்சொல்லையும் முதலில் மாற்றி, எல்லாச் சாதனங்களிலிருந்தும் வெளியேறும் வசதியை அத்தளங்களில் பயன்படுத்திப் பழைய குக்கிகளைச் செல்லாதவையாக்கிவிடவேண்டும்.